மரபணுக் கணக்கும் இயற்கைத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் என்றதும் குனிந்த குரங்கு ஒன்று படிப்படியாக நிமிர்ந்து மனிதனாக நடந்துபோகும் படம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தப் படம் செய்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஏதோ ஒரு விலங்கு முயற்சி செய்து தன்னை மாற்றிக்கொண்டது போல அது காட்டுகிறது. உண்மையில் பரிணாமம் ஒரு வரவு செலவுக் கணக்கு. ஒரு கூட்டத்தில் எந்த மரபணு வடிவம் எத்தனை இருக்கிறது, அடுத்த தலைமுறையில் அது எத்தனை ஆகிறது என்பதுதான் விஷயமே. கேள்விகளை அந்தக் கணக்கை வைத்தே பார்ப்போம்.

மரபணு விகிதம் என்றால் என்ன?

ஒரு சிற்றூரில் 100 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லும் மரபணு நம் 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஆளுக்கு இரண்டு நகல். ஆக, ஊருக்கு 200 நகல். அவற்றில் 180 இயல்பான வடிவம், 20 மட்டும் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறிய இன்னொரு வடிவம் என்றால், அந்த மாறிய வடிவத்தின் விகிதம் 10 சதவீதம். ஒரே மரபணுவின் இப்படிப்பட்ட வெவ்வேறு வடிவங்களை அல்லீல் என்பார்கள். பாடப்புத்தகம் இந்த விகிதத்தை அலைவெண் என்று சொல்லும்.

இந்த 10 என்ற எண் அடுத்த தலைமுறையில் 11 ஆனாலோ 9 ஆனாலோ அந்த ஊரில் பரிணாமம் நடந்திருக்கிறது. அவ்வளவுதான். வால் மறையவோ கொம்பு முளைக்கவோ வேண்டியதில்லை.

ஒரு உயிர் தன் வாழ்நாளில் பரிணமிக்க முடியாதா?

முடியாது. எத்தனையோ தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் காது குத்திக்கொண்டிருக்கிறோம். காதில் ஓட்டையோடு ஒரு குழந்தையாவது பிறந்ததா? உடற்பயிற்சியில் ஏறிய தசையும் வெயிலில் கறுத்த தோலும் நம்மோடு போய்விடும். நாம் பிள்ளைக்குக் கொடுப்பது விந்திலும் முட்டையிலும் இருக்கும் மரபணு நகலை மட்டுமே. மாறுவது கூட்டம், ஆள் அல்ல.

டார்வினுக்கு மரபணு பற்றித் தெரியாதே, பிறகு இயற்கைத் தேர்வை எப்படிச் சொன்னார்?

தெரியாமல்தான் சொன்னார். அதனால் நன்றாக அடியும் வாங்கினார். தாயின் பண்பும் தந்தையின் பண்பும் பிள்ளையிடம் கலந்துவிடும் என்றே அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். பாலில் டிகாக்‌ஷன் ஊற்றுவது மாதிரி. அப்படிக் கலந்தால் என்ன ஆகும்? புதிதாகத் தோன்றிய ஒரு நல்ல பண்பு அடுத்த தலைமுறையில் பாதி, அதற்கடுத்து கால் என்று நீர்த்துப்போய்விடும். இயற்கை தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. 1867இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். டார்வினிடம் சரியான பதில் இல்லை.

பதில் அதற்கு முந்தைய ஆண்டே அச்சாகியிருந்தது. 1866இல் கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைப் பற்றி எழுதிய கட்டுரையை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1900இல்தான் அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. மெண்டல் காட்டியது இதுதான்: பண்புகள் பாலும் டிகாக்‌ஷனும் போலக் கலப்பதில்லை, பயறும் உளுந்தும் போலத்தான் கலக்கின்றன. எவ்வளவு கலந்தாலும் பயறு பயறாகவே இருக்கும். பொறுக்கினால் பிரிந்து வரும். பிரிந்து வருவதை எண்ணலாம். எண்ண முடிவதால்தான் மரபணு விகிதம் என்று ஒன்றைப் பேசவே முடிகிறது.

ஓங்குபண்பு என்றால் காலப்போக்கில் அது எல்லோருக்கும் வந்துவிடாதா?

வராது. ஒரு நகல் இருந்தாலே வெளியே தெரிவது ஓங்குபண்பு, இரண்டு நகலும் இருந்தால் மட்டுமே தெரிவது ஒடுங்குபண்பு. 1908இல் இந்தச் சந்தேகம் லண்டனில் படித்தவர்கள் நடுவிலேயே எழுந்தது. குட்டை விரல் ஒரு ஓங்குபண்பு என்கிறீர்களே, அப்படியானால் ஒருநாள் முக்கால்வாசிப் பேருக்குக் குட்டை விரல் இருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். மரபியலாளர் பன்னெட் அதைத் தன் கிரிக்கெட் நண்பரான கணிதவியலாளர் ஹார்டியிடம் கொண்டுபோனார். ஆமாம், சில ஆண்டுகள் கழித்து இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். அவருக்கு இது சாதாரணப் பெருக்கல். விடையை ஒரு சிறு கடிதமாக எழுதி அனுப்பிவிட்டார். அதே ஆண்டு ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

நம் ஊர்க் கணக்கையே எடுங்கள். இயல்பு நகல் 90 சதவீதம், மாறிய நகல் 10 சதவீதம். பிறக்கும் குழந்தைக்கு இரண்டு நகலும் இயல்பாக அமைய 0.9 × 0.9, அதாவது 81 சதவீத வாய்ப்பு. இரண்டும் மாறியதாக அமைய 0.1 × 0.1, அதாவது 1 சதவீதம். மீதி 18 சதவீதக் குழந்தைகளுக்கு ஒன்று இது, ஒன்று அது. இப்போது இந்தக் குழந்தைகளின் நகல்களை மறுபடி எண்ணுங்கள்: மாறிய நகல் அதே 10 சதவீதம். எத்தனை தலைமுறை ஓடினாலும் இதுவேதான். ஓங்குபண்பா ஒடுங்குபண்பா என்பது நகல் இருப்பது வெளியே தெரியுமா தெரியாதா என்பதைச் சொல்கிறதே தவிர, எண்ணிக்கையை ஏற்றவோ இறக்கவோ செய்யாது.

அப்படியானால் எண்ணிக்கையை மாற்றுவது எது?

நான்கு விஷயங்கள். நகலெடுப்பில் பிழை விழுந்து புது வடிவம் தோன்றலாம். வெளியூர்க்காரர்கள் வந்து கலக்கலாம், உள்ளூர்க்காரர்கள் போகலாம். கூட்டம் சிறியதாக இருந்தால் வெறும் தற்செயலே எண்ணைத் தள்ளிவிடும். கடைசியாக, சில நகல்களைச் சுமப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கலாம். இந்தக் கடைசியைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். துணையைத் தேர்ந்தெடுக்கும் முறை நகல்கள் சேரும் விதத்தை மாற்றும். ஆனால் தன்னளவில் விகிதத்தை மாற்றாது.

இயற்கைத் தேர்வை ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா?

தாராளமாக. மேலே சொன்ன மாறிய நகல் கற்பனை அல்ல. அரிவாள் செல் சோகையின் மரபணு அது. மருத்துவமனைகளில் சிக்கிள் செல் என்பார்கள். ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுகிறது; அதனால் அந்தப் புரதத்தின் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் வந்து உட்காருகிறது. இரண்டு நகலும் இப்படி இருந்தால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் நூல் நூலாகத் திரண்டு, வட்டமான சிவப்பணு கதிர் அரிவாள் போல வளைந்துவிடும். நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலி, சோகை, உறுப்புகளுக்குச் சேதம். மருத்துவம் எட்டாத இடங்களில் பல குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை.

இவ்வளவு கொடிய ஒன்று எப்போதோ ஒழிந்திருக்க வேண்டாமா? ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அது 10 சதவீதத்துக்கும் மேல் ஏன் இருக்கிறது? மத்திய தரைக்கடல் பக்கத்து இரத்த நோயான தலசீமியா பற்றி இதே புதிர் எழுந்தபோது, அதற்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949இல் ஊகித்தார். கென்யாவில் வளர்ந்த ஆண்டனி ஆலிசன் என்ற மருத்துவர், அரிவாள் நகலைச் சுமப்பவர்களை மலேரியா எளிதில் தாக்குவதில்லை என்று 1954இல் சான்றோடு காட்டினார். ஒரே ஒரு அரிவாள் நகல் உள்ளவர்களுக்குப் பொதுவாக நோய் வராது. ஆனால் மலேரியா ஒட்டுண்ணி அவர்களுடைய சிவப்பணுவுக்குள் நுழைந்தால் சரியாக வளர முடிவதில்லை. அந்த அணுவை மண்ணீரலும் சீக்கிரம் வெளியேற்றிவிடுகிறது. உயிரைப் பறிக்கும் கடும் மலேரியாவிலிருந்து இவர்களுக்குச் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு.

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் எளிமைக்காக நான் எடுத்துக்கொண்டவை. மலேரியா மிகுந்த ஊரில் 1,000 குழந்தைகள் பிறக்கின்றன, அரிவாள் நகல் 10 சதவீதம். 810 பேருக்கு இரண்டும் இயல்பு. 180 பேருக்கு ஒன்று அரிவாள். 10 பேருக்கு இரண்டும் அரிவாள். அந்தப் 10 பேரும் பெற்றோராகும் வயது வரை வருவதில்லை என்று வைப்போம். 810 பேரில் ஒன்பதில் ஒருவரை, அதாவது 90 பேரை மலேரியா கொண்டுபோகிறது. 180 பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. மிஞ்சுவது 720 + 180 = 900 பேர்; அவர்களிடம் 1,800 நகல்கள். அவற்றில் அரிவாள் 180. விகிதம் என்ன? அதே 10 சதவீதம்.

நூறு பேர் செத்துப்போயிருக்கிறார்கள், விகிதம் அசையவில்லை! தேர்வு நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சமமாக இழுக்கிறது, அதனால் கயிறு நகரவில்லை. இதே ஊரில் அரிவாள் நகல் 20 சதவீதத்தில் தொடங்கியிருந்தால், இரண்டு அரிவாள் நகல் சேர்ந்த குழந்தைகள் நிறையப் பிறப்பார்கள். ஒரே தலைமுறையில் விகிதம் 18 ஆக இறங்கும். 5 சதவீதத்தில் தொடங்கியிருந்தால் மலேரியாவின் கை ஓங்கி, 5.3 ஆக ஏறும். எங்கிருந்து கிளம்பினாலும் 10ஐ நோக்கித்தான் போகும். இங்கே நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பெயர் வைக்க வழியே இல்லை. ஒரே நகல், யாரோடு சேர்கிறது, எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காக்கவும் செய்கிறது, கொல்லவும் செய்கிறது.

மலேரியாவை ஒழித்துவிட்டால் அரிவாள் மரபணுவும் ஒழிந்துவிடுமா?

குறையும், ஆனால் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். அதே 1,000 குழந்தைகள், மலேரியா மட்டும் இல்லை. 810 பேரும் 180 பேரும் பிழைக்கிறார்கள். 1,980 நகலில் அரிவாள் 180. பத்தில் ஒன்றாக இருந்தது பதினொன்றில் ஒன்றாகிறது. அடுத்த தலைமுறையில் பன்னிரண்டில் ஒன்று, பிறகு பதின்மூன்றில் ஒன்று. இந்த வரிசையின் அழகே அழகு. பாதியாகக் குறைய, அதாவது இருபதில் ஒன்றாக, 10 தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 250 ஆண்டுகள். மறுபடி பாதியாக இன்னும் 20 தலைமுறை, அதற்குப் பிறகு 40 தலைமுறை.

ஏன் இப்படி இழுக்கிறது? நகல் அரிதாக ஆக, அது நோயாளிகளிடம் இருப்பதைவிட ஆரோக்கியமானவர்களிடம் ஒளிந்திருப்பதே அதிகம். விகிதம் 1 சதவீதம் என்றால் 10,000 பேரில் நோயாளி ஒருவர்தான். ஒற்றை நகலைச் சுமப்பவர்களோ 198 பேர். அவர்கள் தேர்வின் கண்ணில் படுவதே இல்லை. சென்ற நூற்றாண்டில் 'குறையுள்ளவர்கள்' பிள்ளை பெறாமல் தடுத்து இனத்தைச் சுத்தமாக்கலாம் என்று கிளம்பிய கூட்டத்துக்கு அறம் மட்டுமல்ல, பெருக்கல் வாய்ப்பாடும் தெரியவில்லை.

இது நம் பக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் முதலில் பதிவானதே நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். மத்திய இந்தியப் பழங்குடிகளிடையேயும் பரவலாக உண்டு. 2047க்குள் இதை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் செய்யும் நோக்கத்தோடு 2023 ஜூலையில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. இரத்தப் பரிசோதனையே அதன் அடிப்படை. ஒற்றை நகலைச் சுமப்பது நோய் அல்ல. கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தவறு. ஒவ்வொரு முறையும் காசை புதிதாகத்தான் சுண்டுகிறோம்.

வலிமையானதுதானே பிழைக்கும்?

தமிழில் இதற்கு 'தக்கன பிழைத்தல்' என்று பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். வல்லன என்று சொல்லவில்லை, தக்கன என்றார். எதற்குத் தக்கது என்று உடனே கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவு. பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி 1973 முதல் அங்குள்ள குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைகள்தான் மிஞ்சின. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரும்பாலானவை மாண்டன. பிழைத்தவற்றின் அலகு ஆழம் சராசரியாக அரை மில்லிமீட்டர் அதிகம். குஞ்சுகளும் தடித்த அலகோடு வந்தன. அத்தோடு முடிந்திருந்தால் 'பெரிது வென்றது' என்று எழுதிவிடலாம். 1983இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதால் வரும் எல் நீனோ மழை கொட்டித் தீர்த்தது, சிறு விதைகள் பெருகின. அடுத்த வறண்ட காலத்தில் சிறிய அலகுக் குருவிகளே நன்றாகப் பிழைத்தன. குருவி அதே குருவிதான். மாறியது சமையல்கட்டு.

எல்லா மாற்றத்துக்கும் தேர்வுதான் காரணமா?

இல்லை. பசிபிக் பெருங்கடலில் பிங்கெலாப் என்ற பவளத்தீவை 1775 வாக்கில் ஒரு சூறாவளி துடைத்தெடுத்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்துக்கும் தப்பியவர்கள் சுமார் 20 பேர். அவர்களில் ஒருவர், தீவின் தலைவராக இருக்கலாம், முழு நிறக்குருட்டின் மரபணுவைச் சுமந்திருந்தார். இன்று அவர்களின் வழித்தோன்றல்களில் இருபதில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை எந்த நிறத்தையும் பார்க்க முடியாதவர்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே சிரமப்படுகிறார்கள். உலகில் வேறெங்கும் பல்லாயிரத்தில் ஒருவருக்குத்தான் இது வரும். நிறக்குருடு அந்தத் தீவில் எந்த நன்மையும் செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. புயல் யாரை விட்டுவைத்தது என்பதுதான் காரணம். இதை மரபணு நகர்வு என்பார்கள்.

நம் கண்ணெதிரே நடந்த உதாரணம் ஏதாவது?

இங்கிலாந்தின் மிளகுப்புள்ளி அந்துப்பூச்சி எல்லாப் புத்தகத்திலும் வருவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மான்செஸ்டரில் கறுப்பு வடிவம் முதலில் பதிவானது 1848இல். 1895இல் அங்கே 98 சதவீதம் கறுப்பு. புகைக்கரி படிந்த மரத்தில் வெளிர்ப்பூச்சி பறவையின் கண்ணில் எளிதாகப் பட்டது. காற்று சுத்தமானதும் விகிதம் திரும்பிவிட்டது. இவ்வளவு வேகத்துக்குக் கறுப்புப் பூச்சிகள் வெளிர்ப்பூச்சிகளைவிட 50 சதவீதம் அதிக வாரிசு விட்டிருக்க வேண்டும் என்று 1924லேயே கணக்கிட்டவர் மேலே வந்த அதே ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார்.

எனக்குப் பிடித்த உதாரணம் காசநோய். பலருக்கும் இது வீட்டு விஷயம். ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால், நுரையீரலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் தற்செயலாக அதைத் தாங்கும் மாற்றம் உள்ள சில தப்பிக்கும். மற்றவை செத்து இடம் காலியானதும் அவை பெருகும். சில வாரத்தில் எதிர்ப்பு மரபணுவின் விகிதம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து நூறுக்குப் பக்கத்தில் போய்விடும். அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள்: ஒரே கிருமியில் எல்லா எதிர்ப்பும் தற்செயலாக ஒன்றுசேர்வது மிக மிக அரிது. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர் தன் உடம்புக்குள்ளேயே ஒரு தேர்வு நடத்துகிறார். கவனியுங்கள், மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை மிஞ்சவிட்டது.

மனிதர்களிடம் இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகள் வளர்ந்ததும் பாலைச் செரிக்கும் நொதியை நிறுத்திவிடுகின்றன. மாடு வளர்க்கத் தொடங்கிய மக்களிடம் அந்த நொதி நிற்காமல் தொடரும் மரபணு வடிவங்கள் பரவின. ஐரோப்பாவில் ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவில் தனியாக வேறு சில. இந்தியாவில் வடமேற்கில் இது அதிகம், தெற்கே வர வரக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புசம் எடுக்கும் ஆனால் மோர் ஒத்துக்கொள்ளும் என்பவர்களுக்கு இது புரியும். புளிக்கும்போது பாலின் சர்க்கரையில் ஒரு பங்கைப் பாக்டீரியா தின்றுவிடுகிறது.

விகிதம் மாறிக்கொண்டே இருந்தால் புது இனம் வந்துவிடுமா?

மாற்றம் மட்டும் போதாது, பிரிவும் வேண்டும். ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருந்தால் கணக்கு ஒன்றாகவே இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரத்துச் சோலைக்காடுகளை விட்டு இறங்காத ஒரு சிறு பறவைக் குழு உண்டு. 2017இல் அவற்றுக்கு வைத்த புதிய பேரினப் பெயரிலேயே சோலை என்ற சொல் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கம் இருப்பது ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இருப்பது இன்னொன்று. நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் தாழ்நிலம்தான். அந்தப் பறவைக்கு அது கடல்.

கடைசியாக, மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?

சித்தப்பா பிள்ளைகள் இருக்கும்போது நீங்கள் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்பது மாதிரிதான். இன்றைய சிம்பன்சியிலிருந்து நாம் வரவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தது. அதன் கூட்டம் பிரிந்தது, கணக்கும் பிரிந்தது. சிம்பன்சியின் மரபணுக்களும் அன்றிலிருந்து நம்முடையவை போலவே மாறிக்கொண்டுதான் இருக்கின்றன.